வால் மோட்டார்

சத்தம் இருக்கிறது. இருக்கிறவரைக்கும் ஒன்றுமில்லை. இப்படியே சுற்றட்டும், பெட்ரோல் தீர்கிறவரைக்கும் சுற்றட்டும், பிறகு இறங்கி வரட்டும். நன்றாக ஓடுகிற இன்ஜினை நடுவானத்தில் யாராவது வேண்டுமென்றே நிறுத்துவார்களா? என் மகள் நிறுத்துவாள். அதற்காகத்தான் போயிருக்கிறாள். நான் ஹேங்கர் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இசக்கிராணி மேலே இருக்கும்போது நான் அண்ணாந்து பார்ப்பதில்லை, என் கண்ணே பட்டுவிடும் என்று ஒரு பயம், காதை மட்டும் மேலே அனுப்பி வைத்திருக்கிறேன். தையல் மெஷினில் ஊசி முறியப் போவதைக்கூடக் காதுதான் முதலில் சொல்லும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறென்ன வழி, காதும் கையும்தான். இந்த ஹேங்கரில் விமானங்களுக்கு உறை தைப்பது என் வேலை, சீட்டுக்கு, மூக்குக்கு, கண்ணாடிக்கு, வெயிலும் புழுதியும் படாமல் மூடி வைக்க. கரிசல் புழுதி மாவு மாதிரி, எங்கும் நுழையும். பக்கத்து நாற்காலியில் தேவசகாயம் சார் இருக்கிறார், தொடைமேல் வாக்கி டாக்கி, கையில் முறுக்கு. இவரால் எப்படி முறுக்குத் தின்ன முடிகிறது? போன மாதம்வரை இசக்கிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பறந்தவர் இவர். இன்றைக்கு அந்த சீட்டில் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது.

இருப்பது இரண்டே சீட்டு. ஒரு இன்ஜின் போனால் உதவிக்கு இன்னொன்று வேண்டும் என்று வாலில் ஒரு கரண்டு மோட்டார் வைத்தார்கள், அது ஓடப் பேட்டரி வேண்டும், பேட்டரி ஒரு ஆள் கனம், ஆகவே ஆளை இறக்கிவிட்டார்கள். இன்றைக்கு முன் இன்ஜினை மேலேயே நிறுத்திவிட்டு, அந்த மோட்டார் மட்டும் தாங்குகிறதா என்று சோதனை. ஆபத்துக்கு உதவ ஒன்றை ஏற்றுவதற்காக, ஆபத்துக்கு உதவுகிற ஆளை இறக்கிவிடுவது என்ன கணக்கு? சாரிடம் இதைக் கேட்டேன். "நான் இன்ஜின் நின்னா தள்ளவா முடியும் செல்லக்கனி, கூட உக்காந்து ஜெபந்தான் பண்ணுவேன்" என்றார். ஜெபம் பண்ணினால் என்ன, அதுவும் ஒரு துணைதானே. பேட்டரி ஜெபம் பண்ணுமா? மோட்டாரைச் செய்த பீர் முகமது தம்பிக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. நான் அதை ஸ்டெப்னி என்று சொன்னதற்கே முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, ஸ்டெப்னி சும்மா தொங்கிக்கிட்டு கிடக்கும். இது உயிரோட இருக்கு, எப்ப கூப்பிட்டாலும் எந்திரிக்கும்" என்றான். இருக்கட்டும். ஸ்டெப்னியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. இசக்கியின் அப்பா லாரி ஓட்டினார். டயர் வழுவழுவென்று தேய்ந்து கிடக்கும், ஏன் இப்படிப் போகிறீர்கள் என்றால் ஸ்டெப்னி இருக்குல்லா என்பார். இருந்தது. டயர் வெடித்து அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரங்கட்டி, குனிந்து உட்கார்ந்து, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்த பஸ் அடித்தது. டயர் இல்லாமல் இறந்தவர் இல்லை அவர், மாற்று டயர் இருந்ததால் இறந்தவர். இதை யாரிடம் சொல்ல? சொன்னால் பைத்தியம் என்பார்கள். மாற்று ஒன்று இருக்கிறது என்கிற நினைப்பே ஒரு மனுஷனை நடுரோட்டில் உட்கார வைத்துவிடும். இசக்கியிடம் ஒரு தடவை சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தாமல், "அதனாலதாம்மா எங்களுக்கு ஒரு விதி இருக்கு. இன்ஜின் நின்னதும் கை ஸ்விட்ச்சுக்குப் போகக் கூடாது. முதல்ல மூக்கு, அப்புறம் ஸ்விட்ச்" என்றாள். மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டால் விமானம் இன்ஜின் இல்லாமலே வழுக்கிக்கொண்டு போகுமாம், வேகம் குறையாதாம். வேகம் இருந்தால் உயிர் இருக்குமாம். அதற்குப் பிறகுதான் மோட்டார். முதல்ல மூக்கு, அப்புறம் ஸ்விட்ச். பல் தேய்க்கும்போது, சோறு வடிக்கும்போது, இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பறக்கப் போகிறவள் நான் மாதிரி.

சத்தம் லேசாகிவிட்டது. நின்றுவிட்டதா? இல்லை, தூரம். மேற்கே திரும்பியிருப்பாள், காற்று சத்தத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கும். இதோ மறுபடியும் வருகிறது. பஸ்ஸில் போகும்போது அவள் சன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுவாள், வேடிக்கை பார்க்க என்று நினைத்திருந்தேன். "அந்தக் கம்மங்காடு நல்லாருக்கு, இறங்கலாம். இது மிளகாய், பாத்தி கட்டியிருக்கான், சக்கரம் மாட்டிக்கும்" என்பாள். ஊர்ப் பிள்ளைகள் காட்டைப் பார்த்தால் விளைச்சலைச் சொல்லும், இவள் இன்ஜின் நின்றால் விழுவதற்கு இடம் சொல்வாள். விழுவதற்கு இல்லை, இறங்குவதற்கு என்று திருத்துவாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அரசாங்க உதவியில் படித்து லைசென்ஸ் வாங்கின அன்றைக்குக் கோயிலில் விழுந்து கும்பிட்டேன், நன்றி சொன்னேனா, எடுத்துக்கொள் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேனா, அம்மனுக்குத்தான் தெரியும். அம்மன். அந்த நினைப்பு வந்ததும் என் விரல்கள் ஒன்றையொன்று தேய்க்கின்றன, காலையிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கின்றன, மஞ்சள் கறை போகவில்லை.

காலையில் கட்டிவிட்டேன். யாருக்கும் தெரியாது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய் அம்மன் காலடியில் வைத்து வாங்கிவந்த மஞ்சள் கயிறு. இசக்கியின் கையில் கட்டத்தான் வாங்கினேன், அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நீ இங்க தைக்கிறவளா வா, அம்மாவா வராத. ஏற்கெனவே ஆபீஸ்ல சிரிக்கிறாங்க." சிரிக்கட்டுமே. புது வண்டி என்றால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எவன் எடுக்கிறான், ஆட்டோக்காரனிலிருந்து கலெக்டர்வரை. இங்கே பழம் கூடாது, ஓடுதளத்தில் ஒரு கூழாங்கல்கூடக் கிடக்கக் கூடாது, அதற்குத் தினமும் நடந்து பொறுக்குகிறார்கள். அப்படியானால் என் பிள்ளை ஒன்றுமே இல்லாமலா மேலே போவாள்? விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இசக்கி அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தாள், பீர் தம்பியும் கூட வந்தான், வாலில் என் உறையைக் கழற்றி உள்ளே பார்த்து, புழுதி விழாமலிருக்கத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். புறப்படும்போது உறைகளை எடுப்பது என் வேலை. மூக்கு உறையை எடுத்தேன், கண்ணாடி உறையை எடுத்தேன், கடைசியாக வால். எல்லோரும் முன்பக்கம் நின்று போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாலின் முனையில் அந்தச் சின்ன விசிறி, இரண்டே இலை, இரண்டும் பின்னால் மடங்கி, கும்பிட்ட கை மாதிரி சேர்ந்திருந்தது. சத்தியமாகக் கும்பிட்ட கை மாதிரியேதான் இருந்தது. இலையின் நுனியில் மஞ்சள் பெயிண்டில் பட்டை. மஞ்சள்மேல் மஞ்சள் தெரியாது. மூன்று சுற்று சுற்றி, தையல்காரியின் முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினேன். என் முடிச்சு அவிழாது. அப்புறம் உறைகளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மனசு லேசாக இருந்தது, உண்மையைச் சொன்னால் இந்த ஒரு வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் மூச்சு ஒழுங்காக வந்தது.

"ஆச்சு, உயரம் வந்துட்டா" என்கிறார் சார். முறுக்குத் துணுக்கைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார். வாக்கி டாக்கியில் என் மகளின் குரல், யாரோ மாதிரி, ஆபீஸ் குரல், இன்னும் ஒரு சுற்று வருகிறேன் என்கிறது. எதையாவது கேட்க வேண்டும் என்று கேட்கிறேன்.

"அந்த வால் விசிறி இவ்வளவு சின்னதா இருக்கே சார், அதுவா இத்தனை கனத்தைத் தள்ளும்?"

"சின்னதா? நீ மடங்கி இருக்கிறதைப் பாத்திருப்ப. மோட்டார் சுத்தின உடனே ரெண்டு இலையும் வெளிய விரியும்மா, குடை விரியுற மாதிரி. ஆள் கை நீட்டுற அகலம் வந்துரும். நீதான் அன்னைக்குக் கொடைக்குப் போயிட்டியே. தரையில ஓட்டிப் பாத்தோம், பாக்கெட்டுல இருந்த என் கர்ச்சீப்பையே பிடுங்கிட்டுப் போயிட்டுது." அவர் சிரிக்கிறார்.

விரியும். குடை மாதிரி விரியும். நான் என்ன நினைத்தேன்? மடங்கினது மடங்கினபடியே, பம்பரம் மாதிரி சுற்றும் என்று நினைத்தேன். இல்லை, எதுவுமே நினைக்கவில்லை, கும்பிட்ட கை என்று மட்டும் நினைத்தேன். கும்பிட்ட கையைக் கட்டினேன். விரிய வேண்டியதைக் கட்டிவிட்டேன். "விரியலன்னா என்ன சார் ஆகும்?" என்று கேட்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் கேட்கிறேன். "ஏன் விரியாம? விரியும்" என்கிறார். "ஒண்ணு விரிஞ்சு ஒண்ணு விரியலன்னாதான் தொல்லை. ஆட்டம் கண்டுரும், வாலையே உலுக்கிப் போட்டுரும். அதெல்லாம் ஆகாது, நீ சும்மா இரு." நான் சும்மா இருக்கிறேன். பருத்திக் கயிறுதானே, அறுந்துவிடும். மோட்டாரின் வேகத்துக்கு ஒரு கயிறு என்ன செய்யும்? அறாது, மூன்று சுற்று, பல்லால் இறுக்கினது. மேலே போகும்போதே காற்றில் அறுந்து விழுந்திருக்கும். மஞ்சளில் ஊறின கயிறு அறாது. ஒரு பக்கம் நழுவி ஒரு இலை மட்டும் வெளியே வந்தால்? ஒண்ணு விரிஞ்சு ஒண்ணு விரியலன்னா. சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும், இன்றைக்கு வேலை நின்றுவிடும், ஓட்டுகிறவளின் அம்மா போய் விசிறியில் கயிறு கட்டினாள் என்று ஊர் சிரிக்கும், இனி எந்த விமானத்தில் இவளை ஏற்றுவார்கள், இத்தனை ஆண்களுக்கு நடுவில் இந்த இடத்துக்கு வருவதற்கு என் பிள்ளை எதையெல்லாம் விழுங்கினாள், அம்மாவா வராத என்றாளே, வந்துவிட்டேனே. சொல்லாமல் இருந்தால்? அம்மன் கயிறு, அம்மன் பார்த்துக்கொள்வாள். அம்மனுக்கு மோட்டார் தெரியுமா? ஸ்டெப்னியை மாட்டுகிறவரின் முதுகு தெரிகிறது, குனிந்த முதுகு, வியர்வையில் ஒட்டின சட்டை, அந்தச் சட்டையை நான்தான் தைத்தேன். சொல்லிவிடு. இந்தச் சுற்று முடியட்டும். இப்போது சொல். வாயைத் திறக்கிறேன், உதடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எச்சில் இல்லை, சார் என்று சொல்ல

சத்தம் நின்றுவிட்டது.

காற்றாலைகளின் விசுக் விசுக்கென்ற சத்தம் கேட்கிறது. எங்கோ ஒரு ஆடு கத்துகிறது. வாக்கி டாக்கி கரகரக்கிறது, "முன் இன்ஜின் நிறுத்தியாச்சு." முதல்ல மூக்கு, அப்புறம் ஸ்விட்ச். இப்போது மூக்கு. மூக்கை இறக்கிக்கொண்டிருப்பாள், அது முடிந்ததும் கை ஸ்விட்ச்சுக்குப் போகும். நான் சாரின் கையைப் பிடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரைத் தொட்டதில்லை.

"போடச் சொல்லாதீங்க. வால்ல கயிறு கட்டியிருக்கு. ரெண்டு இலையையும் சேர்த்து. போடச் சொல்லாதீங்க சார்."

ஒரு கணம் என்னைப் பார்க்கிறார். அடுத்த கணம் அவர் என் பக்கமே இல்லை. "ராணி, வால் மோட்டாரைத் தொடாத. திரும்பச் சொல்றேன், தொடாத. விசிறியில கயிறு இருக்கு. முன் இன்ஜினை எடு."

கரகரப்பு. பிறகு, "ஸ்விட்ச்ல கை வைக்கல. முன் இன்ஜின் எடுக்கிறேன்." மேலே ஒரு இருமல் கேட்கிறது, விமானத்தின் இருமல், இன்னொன்று, பிறகு ஒன்றுமில்லை. ஓடும்வரை ஓடிவிட்டு, நிறுத்தினதும் முறைத்துக்கொண்டது அது. நிறுத்தாதே என்று சொன்னேனே, யாரிடம் சொன்னேன், யாரிடமும் சொல்லவில்லை. ஹேங்கரிலிருந்து பீர் தம்பி ஓடிவருகிறான், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்கிறான். "பிடிக்கல சார். இதுக்காக உயரத்தை விடப் போறதில்ல. ஓடுதளம் தெரியுது, அப்படியே வாரேன்" என்கிறது குரல். பிறகு, அதே குரலில், "யாரு கட்டினது?"

சார் பித்தானைக் காட்டி வாக்கி டாக்கியை என் கையில் வைக்கிறார். சூடாக இருக்கிறது. அழுத்துகிறேன். "நாந்தாம்ட்டி" என்கிறேன். விரலை எடுக்கத் தெரியவில்லை, சார்தான் எடுத்துவிடுகிறார்.

"சரி" என்கிறாள். "இப்ப பேசாத. எனக்கு வேலை இருக்கு."

இப்போது காதுக்கு ஒன்றுமில்லை, கண்ணைத் தவிர வேறு வழியில்லை. அண்ணாந்து பார்க்கிறேன். வெள்ளையாக, ஓசை இல்லாமல், பருந்தைவிட மெதுவாக அது சாய்ந்து திரும்புகிறது. விழவில்லை. இதையா நான் பார்க்கமாட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? விழுகிற மாதிரியே இல்லையே. ஆனால் இறங்குகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கீழே, எதிர்க்காற்று, காற்றாலைகள் இவ்வளவு உயரமா, தூரத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. இன்ஜின் ஒன்றும் இல்லை. மாற்று ஒன்றும் இல்லை. மாற்றை நான் கட்டிப்போட்டேன். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. இப்போது அவளிடம் அவள் மட்டும்தான் இருக்கிறாள். "கொஞ்சம் தூக்கலா வர்ற ராணி" என்கிறார் சார். "தெரியும் சார்." விமானம் ஒரு தோளைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி, நண்டு மாதிரி பக்கவாட்டில் சறுக்கி இறங்குகிறது, எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல இருக்கிறது, போச்சு என்று பீர் தம்பியின் தோளைப் பிடிக்கிறேன், "இல்லக்கா, வேணும்னுதான் பண்ணுது, உயரத்தைக் குறைக்குது" என்கிறான். நிமிர்ந்துவிட்டது. வேலி தாண்டிவிட்டது. சக்கரம் தொட்ட இடத்தில் கொஞ்சம் புழுதி எழுந்து, ஒரு சின்னக் கீச்சுச் சத்தம், அவ்வளவுதான். ஓடி ஓடி, வேகம் தளர்ந்து, ஓடுதளத்தின் நடுவில், தள்ளுகிறவன் கைவிட்ட வண்டி மாதிரி, நின்றுவிட்டது.

கதவு திறக்கவில்லை. "போம்மா" என்கிறார் சார். நடக்கிறேன், ஓடுகிறேனா, செருப்பு எங்கே போனதோ, தார் சுடுகிறது. என்ன சொல்லித் திட்டுவாள்? அடித்தால்கூடப் பரவாயில்லை, அடிக்கட்டும். அவள் ஹெட்போனைக் கழற்றாமல், இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, கண்ணாடி வழியாக எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பேட்டரி, சீட்டு பெல்ட் போட்டு, சமத்தாக. நான் கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்காமல், "கயிறு இருக்கான்னு பாரு" என்கிறாள்.

போய்ப் பார்க்கிறேன். இருக்கிறது. மூன்று சுற்றில் இரண்டு நழுவி ஒரு இலையோடு சுருண்டு கிடக்கிறது, ஒரு சுற்று மட்டும் இறுக்கமாக, முடிச்சு அப்படியே. ஒண்ணு விரிஞ்சு ஒண்ணு விரியலன்னா. நகத்தால் நெம்புகிறேன், வரவில்லை, நகம்தான் மடங்குகிறது. பின்னால் அவள் வந்து நிற்பது தெரிகிறது. இலையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொள்கிறாள். நான் குனிந்து பல்லால் கடிக்கிறேன். மஞ்சளும் எண்ணெய் வாடையும். அறுந்தது. துப்பிவிட்டு நிமிர்கிறேன்.

"சொல்லாம இருந்திருந்தா?" என்கிறாள்.

அறுந்த கயிற்றைக் குனிந்து பொறுக்குகிறேன். அவள் உதடு கோணுகிறது, சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் கோணுமே, அதே கோணல். "மேல இருக்கையில பயமே இல்லம்மா. இப்ப பாரு" என்று கையை நீட்டுகிறாள். கை ஆடுகிறது. அந்தக் கையாலேயே ஒரு இலையைப் பிடித்து வெளியே இழுக்கிறாள், அது எதிர்ப்பில்லாமல் விரிகிறது, கையெடுத்ததும் தானாக மடங்குகிறது. "இவ்வளவுதான். நீயே விரிச்சுப் பாரு." விரிக்கிறேன். இவ்வளவு லேசாகவா இருக்கும்? மரப்பட்டைபோல் நினைத்திருந்தேன், இது சருகு மாதிரி இருக்கிறது. என் மகளை மேலே தாங்கப் போவது இதுதான். தாங்குமா? அப்பாவைப் போல இதை நம்பி உட்கார்ந்துவிடுவாளா? கேட்கக் கூடாது. கேட்க எனக்கு இன்றைக்கு உரிமை இல்லை.

"நாளைக்குக் காலைல மறுபடியும் போறேன். சார் விட்டா" என்கிறாள். பிறகு, "உறையை நானே எடுத்துக்கிறேன். நீ வர வேண்டாம்."

"சரிட்டி" என்கிறேன்.

தூரத்தில் சாரும் பீர் தம்பியும் நடந்துவருகிறார்கள். நான் இன்னும் இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விரித்தபடி, விட்டால் போய்விடும்போல. "அம்மா, விடு" என்கிறாள். விட முடியவில்லை, பிடித்த பிடி பிடித்தபடி இருக்கிறது. அவள்தான், நடுங்குகிற அந்தக் கையால், என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறாள்.